காற்றால் குளிரும் எஞ்சின் சூடாவது ஏன்?



ஐம்பது, அறுபது வயதைக் கடந்த நேயர்கள் பலருக்கு ஒரு சத்தம் நினைவில் இருக்கும். தோட்டத்துச் செம்மண் சாலையில் வளைந்து வரும் வோக்ஸ்வேகன் பீட்டல் காரின் சத்தம் அது. கார் கண்ணில் படுவதற்கு முன்பே, வருபவர் டிரெசரா, பெரிய கிராணியா என்று சிறுவர்கள் பந்தயம் கட்டுவார்கள். அந்தக் காருக்கு எஞ்சின் பின்பக்கத்தில் இருக்கும். அதற்கு ரேடியேட்டர் கிடையாது. தண்ணீர் ஊற்ற வேண்டிய வேலையும் கிடையாது. காற்றே அந்த எஞ்சினைக் குளிர வைத்தது.

அந்தப் பீட்டலின் உறவுக்காரர் ஒருவரைப் பற்றித்தான் இன்று நாம் பேசவிருக்கிறோம். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் பிறந்த போர்ஷே 911 என்னும் விளையாட்டுக் கார் அது. 1963ஆம் ஆண்டு பிராங்பர்ட் கண்காட்சியில் அது முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வந்தது. 1964இல் தொழிற்சாலையிலிருந்து வெளிவரத் தொடங்கியது. 1998 வரை, ஏறக்குறைய முப்பத்து நான்கு ஆண்டுகள், காற்றால் குளிரும் எஞ்சினோடுதான் அது விற்கப்பட்டது. அதன் பின்னர் அந்தக் காரும் தண்ணீருக்கு மாறிவிட்டது. பழைய பீட்டலின் கடைசிக் கார் 2003ஆம் ஆண்டு மெக்சிகோவில் பூட்டப்பட்டது. ஆகவே இன்று நம் சாலைகளில் ஓடும் இத்தகைய கார்கள் எல்லாமே வயதானவை. வயதானவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் நாம் எப்படிப் பதறுகிறோமோ, அப்படித்தான் இந்தக் கார்களின் வெப்பமானி முள் ஏறும்போது உடையவர்களும் பதறுகிறார்கள்.

ஜொகூருக்கும் வேகக் கார்களுக்கும் பழைய தொடர்பு உண்டு. 1960களில் ஜொகூர் பாருவின் வீதிகளிலேயே கிராண்ட் பிரீ கார்ப் பந்தயம் நடந்தது. 1986இல் பாசிர் கூடாங்கில் தனிப் பந்தயத் திடலே திறக்கப்பட்டது. 1998இல் உலக மோட்டார் சைக்கிள் பந்தயம் அங்கே நடைபெற்றது. பழைய கார்களைப் பேணிக் காக்கும் ஆர்வலர்கள் இந்த மாநிலத்தில் இன்றும் இருக்கிறார்கள். நாங்களும் அப்படிப்பட்ட நால்வர். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பழைய பட்டறையின் நிழலில் கூடுவோம். எங்களுக்கு வழிகாட்டி, தோட்டத்து வண்டிகளைப் பழுது பார்த்தே தலை நரைத்த ஒரு போர்மன். பெரியவர் என்றே அவரை அழைப்போம்.

ஒரு ஞாயிறு, எங்கள் நண்பர் ஒருவர் தம் 911 காரோடு வந்தார். 1970களின் இறுதியில் வெளிவந்த, மூன்று லிட்டர் எஞ்சின் கொண்ட கார். மறைந்த அவருடைய தந்தையார் மருத்துவராக இருந்து சேமித்து வாங்கியது. நண்பரின் முகம் வாடியிருந்தது. பாலத்தை நோக்கிப் போகும் நெரிசலில் நின்றால் வெப்பமானி முள் 130ஐத் தொடுகிறதாம். காலையில் கிளப்பினால் பின்னாலிருந்து நீலப் புகை வருகிறதாம். ஒரு பட்டறையில் காட்டியிருக்கிறார். பார்த்தவர், "ரிங் தேய்ந்துவிட்டது, எஞ்சினைப் பிரிக்க வேண்டும்" என்று சொல்லிப் பல்லாயிரம் வெள்ளிக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டார். நண்பரிடம் அவ்வளவு பணம் இல்லை. "விற்றுவிடலாம் என்று இருக்கிறேன். வாங்க ஆளும் வந்துவிட்டது. அடுத்த மாதம் முடிவு சொல்ல வேண்டும்" என்றார்.

பெரியவர் காரின் பின்மூடியைத் திறக்கவே இல்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு கேட்டார்: "தம்பி, காடி எப்போ சூடாகுது? நிக்கும்போதா, ஓடும்போதா, மேடு ஏறும்போதா?"

நேயர்களே, நம்முடைய பாடம் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. சூடு என்பது நோய் அன்று, நோயின் அடையாளம். காய்ச்சலுக்குப் பின்னால் நூறு காரணங்கள் இருப்பதுபோல எஞ்சின் சூட்டுக்குப் பின்னாலும் பல காரணங்கள் உண்டு. நோயை அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, அதன் பிறகே தணிக்கும் வழியைத் தேட வேண்டும் என்று மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவனுக்குச் சொன்ன ஒழுங்கு, எஞ்சினுக்கும் அப்படியே பொருந்தும். அந்த ஒழுங்கை மாற்றி, எடுத்த எடுப்பில் எஞ்சினைப் பிரிப்பவர் பணத்தையும் இழப்பார். நோயையும் தவற விடுவார்.

முதலில், இந்த எஞ்சின் எப்படிக் குளிர்கிறது என்பதைப் பார்ப்போம். சிலிண்டர்களைச் சுற்றிலும் மெல்லிய உலோகத் தகடுகள் வரிவரியாக இருக்கும். அவற்றை இறக்கைகள் என்போம். எஞ்சினே சுழற்றும் ஒரு காற்றாடி, பெல்ட்டின் வழியாக வேகம் பெற்று, காற்றை ஒரு கூட்டுக்குள் தள்ளுகிறது. அந்தக் கூடு காற்றைச் சிலிண்டர்களின் மேலிருந்து கீழாகச் செலுத்துகிறது. சூட்டை வாங்கிக்கொண்ட காற்று காரின் அடியில் வெளியேறுகிறது.

காற்று பாவம், அது மெலிந்த சுமைகூலி. ஒரு லிட்டர் தண்ணீர் சுமக்கும் சூட்டைச் சுமக்க ஏறக்குறைய 3,500 லிட்டர் காற்று வேண்டும். அதனால்தான் 911இன் காற்றாடி, எஞ்சின் வேகமாகச் சுழலும்போது ஒரு நொடிக்கு ஆயிரம் லிட்டருக்கு மேல் காற்றைத் தள்ளும்படி அமைக்கப்பட்டது. அந்தக் காற்றில் ஒரு பகுதி வழி தவறிப் போனாலும் எஞ்சின் அதை உணரும்.

காற்றால் குளிரும் எஞ்சின் என்று பெயர் வைத்தாலும், சூட்டில் கணிசமான பங்கைச் சுமப்பது எண்ணெய்தான். கறுப்பு எண்ணெய் என்று நாம் சொல்லும் எஞ்சின் ஆயில், பிஸ்டனின் அடியையும் பேரிங்குகளையும் தொட்டுச் சூட்டை வாங்கி, ஆயில் கூலருக்குக் கொண்டுபோய் அங்கே இறக்கிவிடுகிறது. ஆகவே இந்த எஞ்சினுக்கு இரண்டு நாடிகள்: ஒன்று காற்று, மற்றொன்று எண்ணெய். இரண்டையும் பிடித்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

"நம்ம ஊர் வெயிலுக்கு இந்தக் கார் ஒத்துவராது" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிலிண்டர் தலையின் இறக்கை 200 டிகிரிச் சூட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்டுட்கார்ட்டில் வெளிக்காற்று 15 டிகிரி. இரண்டுக்கும் இடையே 185 டிகிரி வேறுபாடு. ஜொகூர் பாருவில் வெளிக்காற்று 32 டிகிரி; வேறுபாடு 168. குளிரும் திறன் இந்த வேறுபாட்டைப் பொறுத்தது. ஆகவே நம் வெயில் திருடுவது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவுதான். எண்ணெயின் கணக்கு வேறு. அதன் சூடு 110 டிகிரிதான் என்பதால் அங்கே இழப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஆகிறது. இது சிறிய இழப்பு அன்று. ஆனாலும் நலமாக உள்ள கார் இதைத் தாங்கும். 1984ஆம் ஆண்டு பாரிஸ் - டக்கார் பாலைவனப் பந்தயத்தில் வென்றதே ஒரு 911 கார்தான். ஆகவே வெயிலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம். வேறு எங்கோ ஒளிந்திருக்கும் குறையை வெயில் நமக்குக் காட்டிக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

இனி பெரியவரின் கேள்விக்கு வருவோம். நின்றுகொண்டிருக்கும்போது மட்டும் சூடானால் காற்றின் பாதையை முதலில் சந்தேகிக்க வேண்டும். காற்றாடி மெதுவாகச் சுழலும் அந்த நேரத்தில் சிறு கசிவும் பெரிதாகத் தெரியும். வேகமாக ஓடும்போது மட்டும் சூடானால் பெட்ரோல் கலவை, தீப்பொறி நேரம், முன்பக்க ஆயில் கூலர் ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். மேடு ஏறும்போது சூடாகி, இறங்கியதும் தணிந்தால் அது இயல்பு. இன்னொன்றும் கேட்க வேண்டும்: முள் ஓர் இடத்தில் போய் நின்றுவிடுகிறதா, நிற்காமல் ஏறிக்கொண்டே போகிறதா? 110இல் ஏறி அங்கேயே நிற்கும் எஞ்சினைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. 120ஐத் தாண்டி நிற்காமல் ஏறும் எஞ்சினை ஓட்டக் கூடாது. அந்த வெப்பத்தில் எண்ணெய் நீர்த்துப்போய், பேரிங்குகளைக் காக்கும் படலம் மெலிந்துவிடும்.

நண்பரின் விடை: நெரிசலில் ஏறிக்கொண்டே போகிறது, கோத்தா திங்கி சாலையில் ஓடினால் கொஞ்சம் தணிகிறது, ஆனால் முழுவதும் இறங்குவதில்லை.

"சரி, முதல்ல சாட்சி உண்மை பேசுதான்னு பாப்போம்" என்றார் பெரியவர். வெப்பமானியைத்தான் அவர் சாட்சி என்றார். நாற்பது வயதான மானி சொல்வதை அப்படியே நம்பலாமா? எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, அதில் திருகியிருந்த உணர்முனையைக் கழற்றினோம். அதன் கம்பியை நீட்டி, உலோக உடலை மற்றொரு கம்பியால் காரின் உடலோடு இணைத்தோம். அந்த இணைப்பு இல்லாவிட்டால் மானி வேலை செய்யாது. பிறகு உணர்முனையைக் கொதிக்கும் தண்ணீரில் பிடித்தோம். கடல் மட்டத்தை ஒட்டிய ஜொகூர் பாருவில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். அதைவிட நேர்மையான அளவுகோல் வேறில்லை. மானி முள் 110இல் போய் நின்றது. நண்பர் கண்ட 130 உண்மையில் ஏறக்குறைய 120! அச்சத்தில் பாதி அங்கேயே கரைந்தது. ஆனால் 120உம் நெரிசலில் ஏறிக்கொண்டிருக்கும் 120தான். நோய் இருக்கிறது, நாம் நினைத்த அளவுக்கு முற்றவில்லை.

இப்போது கையில் பிடித்துச் சூடு பார்க்கும் அகச்சிவப்பு வெப்பமானிகள் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றையும் பயன்படுத்தலாம். ஆனால் பளபளக்கும் உலோகத்தின்மேல் நேராகப் பிடித்தால் அவை குறைத்துக் காட்டும். சூட்டைத் தாங்கும் கறுப்பு வண்ணத்தை ஒரு புள்ளியளவு பூசி, அந்தப் புள்ளியைப் பார்த்துப் பிடிக்க வேண்டும்.

அடுத்தது எண்ணெய். "எண்ணெய் அளவை எப்படிப் பாக்குறீங்க தம்பி?" என்று பெரியவர் கேட்டார். "காலையில், கிளப்புவதற்கு முன்னால், அண்ணே. கம்பியில் எண்ணெயே ஒட்டுவதில்லை. அதனால் அவ்வப்போது ஊற்றி வருகிறேன்" என்றார் நண்பர்.

பெரியவர் சிரித்துவிட்டார். நாம் ஓட்டிப் பழகிய மற்றக் கார்களில் எண்ணெய் அளவை எஞ்சின் நின்ற பிறகுதான் பார்ப்போம். 911இல் அப்படி அன்று. அதன் எண்ணெய் எஞ்சினின் அடியில் தங்குவதில்லை; தனித் தொட்டியில் இருக்கிறது. எஞ்சின் நின்றுவிட்டால் தொட்டியின் எண்ணெயில் ஒரு பங்கு எஞ்சினுக்குள் இறங்கிவிடும். அளவுக் கம்பி வெறுமையாகக் காட்டும். ஆகவே காரைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சின் நன்றாகச் சூடேறி, அது மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அளவைப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தபோது கம்பியின் மேல் கோட்டையும் தாண்டி எண்ணெய் நின்றது. இரண்டு லிட்டர் எண்ணெயை வடித்தெடுத்தோம்.

இந்த இடத்தில் ஒரு முடிச்சும் அவிழ்ந்தது. தொட்டி நிரம்பி வழிந்தால், மிகுதியான எண்ணெய் காற்றோட்டக் குழாயின் வழியாக எஞ்சின் உறிஞ்சும் காற்றோடு கலந்து எரியும். நீலப் புகை வரும். மேலும், சிலிண்டர்கள் படுத்த நிலையில் இருக்கும் எஞ்சின்கள் கிளம்பும்போது சிறிது புகைவது வழக்கந்தான். ரிங் தேய்ந்ததற்குச் சான்றாகக் காட்டப்பட்ட புகை, மிகையான எண்ணெயின் புகையாக இருக்கலாம். உறுதி செய்துகொள்ள ஆறு சிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளந்தோம். ஒன்றுக்கொன்று பெரிய வேறுபாடு இல்லை. எஞ்சினைப் பிரிக்க வேண்டிய காரணம் ஒன்று அங்கே விழுந்துபோயிற்று.

மூன்றாவது, காற்றாடி பெல்ட். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தோம், அளவாகத்தான் அமுங்கியது. தளர்ந்திருந்தால் அதை இறுக்குவதற்குக் கப்பியின் இரு பாதிகளுக்கு இடையே மெல்லிய வளையங்கள் உண்டு. இடையில் உள்ள வளையம் ஒன்றை எடுத்து வெளியே போட்டால் பெல்ட் இறுகும். பீட்டலிலும் இதே ஏற்பாடுதான். பீட்டல் ஓட்டியவர்களுக்கு ஒரு சிவப்பு விளக்கு நினைவிருக்கும். மின்சாரம் ஏறவில்லை என்று காட்டும் விளக்கு அது. ஆனால் அந்தக் காரில் மின்னாக்கியும் காற்றாடியும் ஒரே பெல்ட்டில் ஓடுகின்றன. ஓடும்போது அந்த விளக்கு எரிந்தால், பெல்ட் அறுந்து காற்றாடி நின்றிருக்கக் கூடும். அப்போது அடுத்த ஊர் வரை போய்விடலாம் என்று எண்ணக் கூடாது. அந்த இடத்திலேயே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்திவிட வேண்டும்.

நான்காவது, முன்பக்க ஆயில் கூலர். எண்ணெய் சுமார் 85 டிகிரியை அடைந்ததும் ஒரு தெர்மோஸ்டாட் திறந்து, எண்ணெயைக் காரின் வலப்பக்கமாக முன்னால் அனுப்ப வேண்டும். அது திறக்காமல் சிக்கிக்கொண்டால், எஞ்சின் கொதித்தாலும் முன்னே போகும் குழாய் குளிர்ந்தே இருக்கும். எண்ணெய் நன்றாகச் சூடேறிய பிறகு அந்தக் குழாயின் அருகே புறங்கையைக் கொண்டுபோனோம். தொடவில்லை, அனல் தெரிந்தது. தெர்மோஸ்டாட் தன் கடமையைச் செய்கிறது. சக்கர வளைவுக்குள் கூலரின்மேல் சேறு அப்பியிருந்தது. அதை உடனே கழுவலாமா என்று எங்களில் ஒருவர் குழாயைக் கையில் எடுத்தார். "பொறுங்க. ஒரே நேரத்துல ரெண்டு வேலை செஞ்சா எது குணமாக்குச்சுன்னு எப்படித் தெரியும்?" என்று பெரியவர் தடுத்தார். இது மிகப் பெரிய பாடம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். மாற்றத்துக்குப் பிறகு ஒரு சோதனை.

ஐந்தாவது, காற்றின் பாதை. எங்களில் ஒருவர், "ஊதுபத்தி கொளுத்திப் பிடித்தால் காற்றுப் போகும் திசை தெரியுமே!" என்றார். பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பெட்ரோல் பக்கத்துல நெருப்பா?" என்று அதட்டினார். பிறகு மெல்லிய காகிதத்தை நீளமாகக் கிழித்து ஒரு மூங்கில் குச்சியின் நுனியில் ஒட்டினார். எஞ்சினை ஓடவிட்டு, பெல்ட்டுக்கும் காற்றாடிக்கும் தொலைவிலேயே குச்சியைப் பிடித்து, கூட்டைச் சுற்றி மெதுவாக நகர்த்திக்கொண்டு வந்தார்.

இடப்பக்கத்தில் ஓரிடத்தில் காகிதம் பட்டென்று வெளியே அடித்தது. அங்கே ஒரு துளை. முஷ்டி அளவு இருக்கும். காற்றாடி தள்ளும் காற்று, சிலிண்டரைத் தொடாமலே அந்தத் துளை வழியாக வெளியே ஓடிக்கொண்டிருந்தது. எஞ்சினின் ஓரங்களில் குச்சியைப் பிடித்தபோது காகிதம் மேல்நோக்கி எழுந்து நின்றது. எஞ்சினைச் சுற்றித் தகட்டுக்கும் காரின் உடலுக்கும் இடையே இருக்க வேண்டிய ரப்பர்ப் பட்டை, பல இடங்களில் உதிர்ந்து போயிருந்தது. அதனால், வேலை முடித்து அடியில் வெளியேறிய சூடான காற்றே மறுபடியும் மேலேறி, காற்றாடிக்குள் நுழைந்துகொண்டிருந்தது. ஓடும் காரில் அந்தச் சூடான காற்றைச் சாலைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். நெரிசலில் நிற்கும் காரில் அதற்குப் போக்கிடம் ஏது? நெரிசலில் மட்டும் முள் ஏறிக்கொண்டே போன இரகசியம் இதுதான்.

"இந்த ஓட்டையில ஒரு குழாய் இருந்திருக்கணுமே?" என்று பெரியவர் கேட்டார்.

நண்பர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அது ஹீட்டருக்குப் போகும் குழாய், அண்ணே. நம்ம நாட்டில் ஹீட்டர் எதற்கு என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் நான்தான் கழற்றினேன். காரைச் சூடு குறைவாக வைத்திருக்கலாம் என்று நினைத்தேன்."

நேயர்களே, வெப்ப நாடுகளில் இத்தகைய கார்களுக்கு அடிக்கடி நேரும் கதி இது. குளிர் நாட்டவர்க்காக அமைத்த ஹீட்டர் நமக்குத் தேவையில்லை என்பது உண்மை. அதைக் கழற்றுவதிலும் தவறில்லை. கழற்றிய இடத்தை அடைக்காமல் விடுவதுதான் தவறு. பீட்டலிலும் காற்றாடிக் கூட்டில் ஹீட்டருக்கென இரண்டு வாய்கள் உண்டு; அவற்றைத் திறந்தபடி விட்டால் அங்கும் இதே நோய் வரும். பயனற்றது என்று நாம் நினைக்கும் தகடு, ரப்பர், குழாய் ஒவ்வொன்றும் காற்றுக்குக் கரை கட்டியிருக்கிறது. வாய்க்காலின் கரையை உடைத்துவிட்டு வயல் காய்கிறதே என்று வருந்தும் உழவரைப் போல் நாம் ஆகிவிடக் கூடாது.

அந்தத் துளைக்கு அலுமினியத் தகட்டில் ஒரு மூடி வெட்டிப் பொருத்தினோம். மறுநாள் மாலை, அதே பாலத்துச் சாலை நெரிசலில், அதே நேரத்தில் ஓட்டிப் பார்த்தோம். சூடு எட்டு டிகிரி குறைந்தது. அடுத்த ஞாயிறு புதிய ரப்பர்ப் பட்டையைச் சுற்றிலும் பொருத்தினோம். மேலும் ஏழு டிகிரி குறைந்தது. இப்போது மானி 115 காட்டுகிறது. உண்மைச் சூடு 105. அதைவிட முக்கியம், முள் அங்கேயே நிற்கிறது. கடைசியில்தான் கூலரின் சேற்றைக் கழுவினோம். கோத்தா திங்கி வரை ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர் ஓட்டிப் போனபோது முள் இன்னும் கொஞ்சம் இறங்கியது. சில நாள்களில் நீலப் புகையும் அடங்கியது. தகடும் ரப்பரும் சேர்த்து ஆன செலவு நூறு வெள்ளிக்கும் குறைவு.

இந்த ஐந்து படிகளில் குறை அகப்படாவிட்டால் ஆறாவதாகத் தீப்பொறியையும் கலவையையும் பார்க்க வேண்டும். தீப்பொறி தாமதமாக விழுந்தால் சூடு வெளியேறும் வழியில் மிகும். அளவுக்கு முந்தி விழுந்தால் எஞ்சின் தட்டும், பிஸ்டன் கருகும். நேரத்தைக் காதால் கணிக்காமல் டைமிங் விளக்கால் பாருங்கள். பிளக்கைக் கழற்றினால் அதன் நுனி கலவையின் கதையைச் சொல்லும். பால் கலந்த தேநீரின் நிறம் இருந்தால் நலம். சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு. அத்தகைய கலவை சூட்டை ஏற்றும். கரிபோல் கறுத்திருந்தால் பெட்ரோல் மிகுதி. சிலிண்டர் இறக்கைகளின் இடையிலும் விளக்கடித்துப் பாருங்கள். எண்ணெய்க் கசிவும் செம்மண் தூசியும் சேர்ந்தால் அடைபோல் ஒட்டிக்கொள்ளும். தோட்டத்துப் பக்கம் வெகுநாள் நிறுத்தி வைத்த காராக இருந்தால், காற்றாடிக் கூட்டுக்குள் எலி கூடு கட்டியிருந்தாலும் வியப்பில்லை. இவ்வளவும் பார்த்து முடித்த பிறகுதான் ஏழாவது படியாக எஞ்சினைப் பிரிப்பது பற்றிப் பேச வேண்டும்.

சூட்டை அலட்சியம் செய்யலாம் என்று நாம் சொல்லவில்லை. 1974 முதல் 1977 வரை வந்த 2.7 லிட்டர் 911 எஞ்சின்களின் உறை, மெக்னீசியக் கலவையால் ஆனது. தொடர்ந்து சூடேறிய அந்த எஞ்சின்களில், சிலிண்டர் தலையை இழுத்துப் பிடிக்கும் ஸ்டட்கள் மரையோடு பிய்ந்து வந்தன. அப்படி ஆன பிறகு பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. காலத்தில் பார்த்தால் நூறு வெள்ளியில் முடிவது, காலம் கடந்தால் எஞ்சினையே கேட்கும்.

வழியில் சூடேறினால் என்ன செய்வது? சிவப்பு விளக்கு எரியாமல், பெல்ட்டும் நலமாக இருந்தால், ஓரங்கட்டிக் கியரை நியூட்ரலில் வைத்து, எஞ்சினைச் சற்றே உயர்ந்த வேகத்தில் சிறிது நேரம் ஓடவிடுங்கள். காற்றாடி வேலை செய்து சூட்டை இறக்கும். எந்த நிலையிலும் சூடான எஞ்சின்மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். உலோகம் வெடிக்கக் கூடும். காரின் அடியில் புகுந்து பார்ப்பவர்கள் வெறும் ஜாக்கை நம்பாதீர்கள். உறுதியான தாங்கிகளை வைத்த பிறகே தலையை உள்ளே நீட்டுங்கள்.

நண்பர் காரை விற்கவில்லை. வாங்க வந்தவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். வெப்பமானியின் கண்ணாடி ஓரத்தில், உண்மையான 100 எங்கே என்று வெள்ளை மையால் ஒரு புள்ளி வைத்திருக்கிறார். கழற்றிய ஹீட்டர்க் குழாயைத் தந்தையின் பழைய கருவிப் பெட்டியில் தேடி எடுத்து, துடைத்து, பட்டறைச் சுவரில் மாட்டியிருக்கிறார். ஏன் என்று கேட்டோம். "எதையாவது கழற்றக் கை போகும்போதெல்லாம் இதைப் பார்த்துக்கொள்வேன்" என்றார்.

நேயர்களே, உங்கள் வீட்டுக் கொட்டகையில் பழைய பீட்டலோ, வேறு காற்றால் குளிரும் காரோ இருந்தால், இந்த வாரம் ஓய்வு நேரத்தில் ஒரு காகித இழையைக் குச்சியில் ஒட்டி எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். காற்று எங்கே வழி தவறுகிறது என்பதை அதுவே உங்களுக்குக் காட்டும்.